கோணல் ஏழு

சட்டத்துக்குப் பயந்தவனைப் பிடிப்பது போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. தேடிப் போகவே தேவையில்லை. அவனே வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டும் வைத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். வாகனப் பரிசோதகனாகச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை நான் கண்டது இதைத்தான். கள்ளவண்டிக்காரன் ஒருவன்கூட எங்கள் அலுவலகத்துக்குத் தானாக வந்தது கிடையாது.

இதை இப்போது எழுத வைத்தவர் தினேஷ். என் கடைசிக் காலத்தில் என்னோடு வேலை செய்த இளம் பரிசோதகர் அவர். இப்போது பொலிஸாரோடு சேர்ந்து தெருவில் வண்டிகளை மறித்துப் பார்க்கிறார். அண்மைக்காலமாக அவருக்கு ஓயாத வேலை. கூடுதல் லைட், கலர் லைட், முன்னால் பூட்டிய இரும்புக் கம்பி, ஊரை எழுப்புகிற சைலன்சர் என்று கம்பனி வைக்காத எதையும் கழற்றச் சொல்லி உத்தரவு. எல்லாவற்றையும் கழற்றினால் வண்டியில் என்ன மிஞ்சும் என்று சில முச்சக்கரவண்டிக்காரர்கள் உண்மையாகவே கவலைப்படுகிறார்கள். சந்தேகம் வந்தால் தினேஷ் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். நான் கொட்டாஞ்சேனை வீட்டில், தேநீருக்கும் பணிசுக்கும் நடுவில் இருந்துகொண்டு, இது கூடும், இது கூடாது என்று தீர்ப்புச் சொல்வேன். வேலையில் இருந்த காலத்தில் என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படம் வரவில்லை. அழைப்பே வந்தது.

“சேர், பேலியகொடைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு பழைய கார் மறிச்சு வைச்சிருக்கிறம். கூடுதல் லைட் ஒண்டும் இல்லை. ஆனா செசி நம்பர் ரெண்டு இருக்கு.”

செசி நம்பர் என்பது வண்டியின் அடிச்சட்டத்தில் கம்பனிக்காரன் அடித்துவிடுகிற இலக்கம். முன்னாலும் பின்னாலும் தொங்குகிற நம்பர் தகடு சட்டை மாதிரி, மாற்றிக்கொள்ளலாம். செசி நம்பர் உடம்பில் உள்ள மச்சம். ஒரு வண்டிக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

“ரெண்டா?” என்றேன்.

“ஓம் சேர். ஒண்டு நல்ல நேரா, வடிவா இருக்கு. அதைக் கோடு போட்டு வெட்டியிருக்கு. பக்கத்தில மற்றது. அது கோணலும் மாணலும். ஏழு அப்பிடியே சரிஞ்சு படுத்துக் கிடக்கு. ஆரோ குடிகாரன் அடிச்ச மாதிரி இருக்கு சேர். கார்க்காரர் உங்கட பேரைத்தான் சொல்லுறார்.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“தினேஷ், அதை அடிச்ச ஆள் வாழ்க்கையில ஒரு சொட்டும் தொடாத ஹாஜியார். காரை விடவும் வேண்டாம், ஆளை ஏசவும் வேண்டாம். நான் வாறன்.”

முச்சக்கரவண்டி பிடித்துப் போகிற வழியெல்லாம் எனக்கு அந்த ஹாஜியாரின், மஹ்ரூப் சேரின் நினைவுதான்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டப் புத்தகத்தைப் பாடமாக்கினோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். வேலை என்று ஒன்றை நான் படித்தது மஹ்ரூப் சேரின் கீழ்தான். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இருந்தவர். மெலிந்த, உயர்ந்த மனிதர். எந்த நாளும் வெள்ளை முழுக்கைச் சட்டை. கிறீஸும் ஒயிலும் வழிகிற இடத்தில் வெள்ளைச் சட்டை போடாதீர்கள் என்று அவருடைய மனைவி சொல்லியே களைத்துப்போனாராம். சேரின் கையில் எப்போதும் ஒரு கார்ட்போர்ட் மட்டை இருக்கும், குளிர்சாதனப் பெட்டி வந்த பெட்டியில் வெட்டியது. அதை நிலத்தில் போட்டு, அதன்மேல் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் வழுக்கிப் போவார். திரும்பி வரும்போது சட்டை போனது போலவே வெள்ளையாக வரும். நாங்கள் நீல மேலங்கி போட்டுக்கொண்டு போய்க் கரிக்குருவியாக வருவோம். அந்த மட்டையை இன்னொருவர் இரவல் கேட்டால் தர மாட்டார். வேண்டுமானால் சம்பளத்தில் பாதி தருவேன் என்பார்.

அவர் யாரையும் ஏசியதில்லை. அதுதான் பயம். எங்கள் அலுவலகத்தில் மற்றப் பெரியவர்கள் சத்தம் போட்டால் வண்டிக்காரன் ஆறுதலாக மூச்சு விடுவான். சத்தத்தோடு விஷயம் முடியும் என்று அவனுக்குத் தெரியும். மஹ்ரூப் சேர் பாராட்டுவார். “சைலன்சர் நல்லா இரிக்கி. எங்க வாங்கினீங்க?” என்று அவர் அன்போடு கேட்டாரென்றால் அந்தச் சைலன்சர் அன்று வீட்டுக்குப் போகாது. “மாஷா அல்லாஹ்” என்று சொன்னால் வண்டியே போகாது.

டயர்க் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பரிசோதனை முற்றத்துக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது. அங்கே டயர் விற்பதில்லை, வாடகைக்கு விடுவார்கள். லொறிக்காரர்கள் தங்களுடைய மொட்டை டயரைக் கழற்றி அங்கே வைத்துவிட்டு, புத்தம் புது டயர்களைப் பூட்டிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். தகுதிப் பத்திரம் கிடைத்ததும் டயர் கடைக்குத் திரும்பும், அடுத்த லொறிக்கு ஏறும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் லொறியில் பூட்டியிருப்பது நல்ல டயர்தானே, சட்டப்படி என்ன சொல்வது? ஒரு நாள் மஹ்ரூப் சேர் ஒரு டயரின் உட்பக்கத்தில் வெண்கட்டியால் சின்னதாக ஒரு பிறை கீறிவிட்டார். அந்தக் காலையிலேயே மூன்றாவது லொறிக்கு அடியில் போனவர், உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“தம்பி ஞானம், பிறை தெரியிது!”

லொறிக்காரர் ஒன்றும் விளங்காமல் வானத்தைப் பார்த்தார். சேர் வெளியே வந்து அந்த டயரைத் தடவிக்கொடுத்தார். “பாவம், காலையில இருந்து ஓடுது. களைச்சிருக்கும். நீங்க நாளைக்கு ஒங்கட சொந்த டயரோட வாங்க,” என்றார். லொறிக்காரர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த கிழமை வாடகைக் கடையில் தோசை போட்டார்கள்.

இறக்குமதிச் சட்டம் மாறுவதை நாங்கள் வர்த்தமானியில் படிப்பதற்கு முன்னால் கடைத்தெருவில் கண்டுகொள்வோம். நேற்றுவரை கடை வாசலில் தொங்கிய பொருள் இன்று மேசைக்கு அடியில் இருந்தால், சட்டம் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடித்தாள் அப்படித்தான் போனது, வந்தது, திரும்பப் போனது. வெளிநாட்டில் பாதியாக வெட்டிய வண்டிகள் ‘உதிரிப்பாகம்’ என்ற பெயரில் வந்திறங்கி, இங்கே மற்றப் பாதியைக் கண்டுபிடித்துக் கல்யாணம் கட்டி, குடும்பமாகத் தெருவில் ஓடின. பிறகு அதற்கும் தடை. இந்தத் தடைகளால் வியாபாரிகள் பெரிதாகக் கெட்டதில்லை. அவர்கள் வேறு பொருளுக்கு மாறிக்கொள்வார்கள். ஆசைக்காகப் பழைய கார் வைத்திருக்கிறவர்கள்தான் அகப்பட்டார்கள். அந்தக் காருக்குச் சாமான் வராது. பழையதை வெட்டி ஒட்டித்தான் ஓட வேண்டும். வெட்டி ஒட்டினால் சட்டம் ஏன் என்று கேட்கும்.

அப்படி அகப்பட்டவர்தான் வெள்ளவத்தைச் சிவபாதம் அண்ணை.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் போயிருக்கும். ஒரு காலை, எங்கள் முற்றத்துக்குள் ஒரு பாரவண்டி வந்தது. அதன்மேல், முந்தானை போர்த்திய மணப்பெண் மாதிரி, துணி போர்த்திய கார். இறக்கித் துணியை நீக்கினார்கள். பழைய ஆங்கிலேயக் கார். கம்பனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கார்க்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, நான் எழுதியதில் ஆணி ஒன்று பிழை என்றாலும் வீடு தேடி வருவார்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தது போல ஒரு மினுக்கம், நல்ல வெண்ணெய் நிறம்.

சிவபாதம் அண்ணை ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். கூடவே மனைவி மனோன்மணி அக்கா, கையில் தேநீர்ப் போத்தலோடு. காரின் பதிவில் நிறம் கறுப்பு என்று இருந்தது. அண்ணை பழைய நிறத்தைச் சுரண்டிக்கொண்டு போனபோது, எல்லாவற்றுக்கும் அடியில் வெண்ணெய் நிறம் வந்ததாம். அதுதான் பிறந்த நிறம் என்று அதையே பூசிவிட்டார். நிறம் மாற்றினால் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிக்க வந்திருக்கிறார்.

“ஏன் அண்ணை பாரவண்டியில கொண்டுவந்தனீங்கள்? ஓடாதோ?” என்று கேட்டேன்.

“வடிவா ஓடும் தம்பி. ஆனா நிறம் பதியாமல் ரோட்டில ஓட்டக்கூடாதெல்லே.”

சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. அண்ணை போயிருந்தார். மனோன்மணி அக்கா பெருமூச்சு விட்டார்.

“தம்பி, எத்தினை வருஷமா ஞாயிற்றுக்கிழமையில இந்தக் காருக்குள்ள இருந்து நான் பயத்தங்காய் முறிச்சிருக்கிறன் தெரியுமே? இவர் கீழ படுத்துக்கிடந்து தட்டுவார், நான் மேல இருந்து முறிப்பன். ஒரு முழம் நகரேல்லை. ஓடத் தொடங்கினா முதல் ஓட்டம் முன்னேஸ்வரத்துக்கு எண்டு நேத்தி வைச்சிருக்கிறன். அம்மாள் இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறா.”

மஹ்ரூப் சேர் மட்டையைப் போட்டார். செசி நம்பர் பார்ப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. பெற்றோலில் நனைத்த பஞ்சால் துடைப்பார், சுரண்டவே மாட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி வாசிப்பார். கம்பனி அடித்த இலக்கத்தின் ஓரம் காலத்தோடு மழுங்கி விரலுக்குச் சாந்தமாக இருக்கும், புதிதாக அடித்தது விரலைக் கடிக்கும் என்பார். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறப்பார். கடைசியில் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார். ஏன் முதலில் விரல் என்று கேட்டதற்கு, “கண்ணுக்கு ஆச இரிக்கி தம்பி. வெரலுக்கு இல்ல,” என்றார்.

அன்று விரல் போனது. நின்றது. பிறகு காருக்கு அடியிலிருந்து அந்தச் சொல் வந்தது.

“மாஷா அல்லாஹ்!”

நான் மனோன்மணி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

“இவ்வளவு அழகான செசி நம்பர் நான் கண்டதே இல்ல. ஒரு இலக்கம்கூட ஏறி எறங்கி இல்ல. கோடு போட்டு எழுதின மாதிரி,” என்றார் சேர்.

அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷ உழைப்பில் அந்த இடத்தைப் பாராட்டிய முதல் மனிதர் சேர்தான். “கோடு போட்டுத்தான் சேர் அடிச்சனான். நானே,” என்றார்.

முற்றத்தில் இருந்த எல்லாருடைய வேலையும் நின்றுவிட்டது.

“நீங்களா?” என்றார் சேர்.

“ஓம் சேர். அந்தப் பக்க அடிச்சட்டம் உப்புக்காத்தில உக்கிப்போச்சு. புதுசு எடுக்க வழியில்லை. அதால உக்கின துண்டை வெட்டிப்போட்டு, அதே கனத்தில தகடு மடிப்பிச்சு ஒட்டினனாங்கள். நம்பரும் அந்தத் துண்டோட போயிட்டுது. அதே நம்பரைத் திரும்ப அடிச்சன்.”

“அதே மாதிரியா?”

“இல்லை சேர். பழையதில ஏழு கோணலாக் கிடந்தது. பாக்கச் சகிக்கேல்லை. நான் நிமித்திப்போட்டன்.”

சேர் வெளியே வந்து, மட்டையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். கள்ளர்கள் பலரைக் கண்டவர். கள்ளன் கோணலைக் கோணலாகவே அடிப்பான், அதற்குத்தான் அவன் பாடுபடுவான். கோணலைத் திருத்துகிற கள்ளன் உலகத்தில் இல்லை. இது சேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? செசி நம்பரை வெட்டக்கூடாது, மாற்றக்கூடாது, அடிக்கக்கூடாது. அடித்தால் வண்டியை நிறுத்திவைக்க வேண்டும், வழக்குப் போட வேண்டும். வழக்கில் தோற்றால் வண்டி அரசுடைமை. கடைசியில் பழைய இரும்பு விலைக்கு ஏலம் போகும்.

இதைச் சேர் அவருக்குச் சொன்னபோது அண்ணை காரின் முன்மூடியில் கையை வைத்தபடி நின்றார்.  அக்கா தேநீர்ப் போத்தலை மூடி, பைக்குள் வைத்தார்.  நிறத்தை அறிவிக்காமல் வீட்டில் இருந்திருந்தால் இந்த மனிதரை யாரும் எதுவும் கேட்டிருக்கப்போவதில்லை.

“வெட்டின துண்டு எங்க?” என்று சேர் கேட்டார். “கம்பனி நம்பரோட அந்தத் துண்டு இருந்து, வெட்டின வாய் இந்தக் காரோட பொருந்தினா, இது களவில்ல, திருத்த வேல எண்டு நான் எழுதுவன். அது இல்லாட்டி எனக்கு எழுத ஒண்ணும் இல்ல.”

அண்ணைக்கு உயிர் வந்தது. “வீட்டில இருக்கும் சேர்! நான் ஒண்டையும் எறியிறேல்லை.”

“அதில பொய் இல்லை,” என்றார் அக்கா.

கார் எங்கள் முற்றத்து மாமரத்தடியில் நின்றது. அடுத்த கிழமை முடிவதற்குள் துண்டு வர வேண்டும், இல்லையென்றால் கோப்பு மேலே போகும். அண்ணை ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்க்க வருவது போல வந்து, மாம்பூவைத் தட்டி, துடைத்துவிட்டுப் போவார். துண்டு மட்டும் வரவில்லை. அவர் வீட்டு பல்கனியில் கழற்றிய ஆணி முதல் உக்கிய கதவுப்பிடி வரை பிஸ்கற் டின்களில், அழகான எழுத்தில் பெயர் ஒட்டி இருந்ததாம். செசித் துண்டு பெரியது என்பதால் டின்னில் போடாமல், ஒரு சாக்கில் மற்ற இரும்போடு வைத்தாராம். சாக்கைக் காணவில்லை.

வியாழக்கிழமை அவர் வந்தபோது முகம் கறுத்திருந்தது.

“தம்பி, அந்தச் சாக்கை மனிசி பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டாள். போன சித்திரைக்கு வீடு துப்பரவாக்கேக்க. நான் அவளோட கதைக்கிறேல்லை. கலியாணம் கட்டி இண்டைக்குத்தான் முதல்தரம்.”

நான் சேரிடம் போய்ச் சொன்னேன். சேர் கோப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு, “கார வெட்டின எடத்தயாவது பாத்து எழுதணும். வாங்க, போவம்,” என்று எழுந்தார். சட்டப்படி அது தேவையான பரிசோதனைதான். ஆனால் வெறுங்கையோடு கோப்பை மேலே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்பதை நான் கண்டேன்.

காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகிற குறுக்குத் தெரு ஒன்றில் அவர்களுடைய தொடர்மாடி. கீழே கார் நின்ற இடத்தைப் பார்த்தோம். சீமெந்தில் வெட்டுத் தூள் படிந்த அடையாளம் இருந்தது, சேர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், புறப்படலாம். ஆனால் அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்து, “ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்றார். வெள்ளவத்தையில் அந்தச் சொல்லை மீறி ஒருவர் படியிறங்கிவிட முடியாது.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். உள்ளே அண்ணை ஒரு மூலையில், அக்கா ஒரு மூலையில். கடல்காற்று வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. பல்கனிக் கதவு அடிக்காமல் இருக்க, அடியில் பழைய சேலைத் துணி சுற்றிய பாரம் ஒன்று வைத்திருந்தார்கள். காற்று வாங்கலாம் என்று பல்கனிப் பக்கம் போன மஹ்ரூப் சேர், வெறுங்காலின் பெருவிரலால் தெரியாமல் அதை ஓர் உதை உதைத்தார்.

“யா அல்லாஹ்!”

அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அண்ணை ஓடிவந்தார், அக்கா தண்ணீர் எடுக்க ஓடினார். சேர் ஒரு கையால் விரலைத் தேய்த்துக்கொண்டு, மற்றக் கையை ஆதரவுக்காக அந்தத் துணிப்பொட்டலத்தின்மேல் ஊன்றினார். தேய்த்த கை நின்றது. முகத்தில் இருந்த நோவு போய்விட்டது. கண்ணை மூடினார். துணிக்கு மேலாலேயே விரல் மெதுவாக இடமிருந்து வலமாகப் போவதை நான் பார்த்தேன்.

“சாந்தமா இரிக்கி,” என்றார். பிறகு, “ஏழு கோணல்,” என்றார்.

அண்ணை பாய்ந்து துணியை உரித்தார். துருவேறிய அடிச்சட்டத் துண்டு. வெட்டின வாயைத் தவிர மற்ற ஓரமெல்லாம் உக்கி அரித்திருந்தது, நடுவில் மட்டும் கனமாக, கம்பனி அடித்த இலக்கம்.

அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார். “அது என்ர கதவுக்கு முண்டு குடுக்கிற இரும்பு,” என்றார். “சாக்கைக் குடுக்கேக்க அது மட்டும் நல்ல பாரமா இருந்தது, எடுத்து வைச்சனான். தரையில கறை பிடிக்குமெண்டு துணி சுத்தினனான். ஏன்?”

 அண்ணை அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஒருவாறு சமாளித்து, சேரிடம் அந்த ஏழைக் காட்டி, “பாத்தீங்களே சேர், எப்பிடிச் சரிஞ்சு கிடக்கெண்டு? நான் நிமித்தினதில என்ன பிழை?” என்று கேட்டார். மனிதருக்கு அந்த நேரத்திலும் அதுதான் கவலை.

“நீங்கள் கண்டநிண்ட இரும்பெல்லாம் சேர்க்கிறதால வந்த வினை எண்டு நான் சொல்லலாம், சொல்லேல்லை,” என்றார் அக்கா. கலியாணம் கட்டிய நாள் முதல் நடந்த பேச்சு அதோடு திரும்பத் தொடங்கியது.

துண்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சேர் சொன்னதும் அக்கா, “அப்ப என்ர கதவுக்கு?” என்றார். சேர் அடுத்தமுறை வரும்போது மாளிகாவத்தைக் கராஜ் ஒன்றிலிருந்து லொறி வில்லுப் பட்டைத் துண்டு ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அரசாங்கம் தன்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தந்தது அந்த ஒரு தடவைதான் என்று அக்கா இப்போதும் சொல்வார்.

வெட்டின வாய் காரோடு பொருந்தியது. சேர் எழுதினார், மேலிடம் ஒத்துக்கொண்டது. ஆனால் பழைய துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது. நம்பர்த் துண்டை வெட்டி இன்னொரு வண்டியில் ஒட்டுவதுதான் கள்ளவண்டிக்காரரின் முழுத் தொழிலும். அதனால் ஒருமுறை கழன்ற நம்பர் திரும்ப ஏறக்கூடாது. அண்ணை அடித்த அழகான நம்பரைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் பரிசோதகர் தன் கையால் புதிதாக அடித்து, அலுவலக முத்திரையும் அடிக்க வேண்டும். அதுதான் முறை.

மஹ்ரூப் சேர் விரலால் வாசிப்பதில் மன்னர். சுத்தியல் பிடிப்பதில் அவரைப் போன்ற பாவம் இல்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு, எண் அச்சை வைத்து, முதல் அடியை மெதுவாக அடித்தார், இலக்கம் விழவில்லை. இரண்டாவதை ஓங்கி அடித்தார், பள்ளம் விழுந்தது. அண்ணை பக்கத்தில் நின்று பல் பிடுங்கக் கொடுத்தவர் போல முனகினார்.

“சேர், ஒரு சின்ன அடிமட்டம் வைச்சுப் பிடிக்கட்டே?”

“வேணாம்.”

“ஒரு பென்சில் கோடாவது?”

“ஐயா, நீங்க தொட்டீங்கண்டா இது பொய்யாப் போயிரும். அங்கால போங்க.”

ஏழு வந்தது. சேர் அடித்தார். அச்சு வழுக்கியது. கம்பனிக்காரனின் ஏழு கொஞ்சம் சரிந்துதான் கிடந்தது. எங்கள் ஏழு படுத்தேவிட்டது. அண்ணை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அக்கா அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார், முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

சேர் வியர்வையைத் துடைத்துவிட்டு, அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “கடிக்குது. கொஞ்ச காலம் போனா சாந்தமாயிரும்,” என்றார். அடுத்த நாள் அவர்கள் முன்னேஸ்வரத்துக்குப் போனார்கள்.

முச்சக்கரவண்டி பேலியகொடைக்கு வந்துவிட்டது. பாலத்துக்கு இப்பால் அதே வெண்ணெய் நிறக் கார். அண்ணைக்கு முடி முழுவதும் வெளுத்திருந்தது. பின் ஆசனத்தில் அக்கா, மடியில் அர்ச்சனைத் தட்டு. நேர்த்தி ஒருமுறையோடு தீர்ந்துவிட்டாலும் ஒவ்வொரு வருஷமும் போகிறார்களாம்.

“ஞானம் தம்பி, இந்தப் பிள்ளைக்குச் சொல்லும். எங்களை நம்புறார் இல்லை,” என்றார் அண்ணை.

தினேஷ் தார்ப்பாய் ஒன்றை விரித்தார். இந்த வயதில் காருக்கு அடியில் போவதற்கு என் இடுப்பு சம்மதிக்கவில்லை. அதனால் சில்லுப் பக்கமாகக் குந்தியிருந்து கையை மட்டும் உள்ளே விட்டு, கண்ணை மூடினேன். நேரான நம்பர் வந்தது, குறுக்கே வெட்டிய கோடு வந்தது. பிறகு மேடும் பள்ளமுமாக மற்றது. மஹ்ரூப் சேர் மௌத்தாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. மாளிகாவத்தையில் அன்று நானும் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். அவரோடு வேலை செய்த அந்தக் காலம் முழுவதையும் விட, அந்தத் தெருவோரத்தில் குந்தியிருந்தபோதுதான் அவர் எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்று தெரிந்தது. ஏழின் ஓரத்தை இரண்டு தரம் தடவினேன். கடிக்கவில்லை.

“சரியான நம்பர்தான் தினேஷ். கோணல்தான் உண்மை, நேர்தான் வெட்டினது. அலுவலக முத்திரை கடைசியில இருக்கு, துடைச்சுப் பாரும்.”

தினேஷ் துடைத்துப் பார்த்தார், தலையசைத்தார். நல்ல பிள்ளை. உடனே அண்ணையிடம் போய், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா,” என்றார். “ஆனா இனியும் ஆரும் மறிச்சா இதே கரைச்சல்தான். இப்ப எங்களிட்ட மெஷின் இருக்கு. ஒரு விண்ணப்பம் போட்டா, இதை வெட்டிப்போட்டு நல்ல நேரா, வடிவா அடிச்சுத் தருவம். ஒரு இலக்கம் ஏறி இறங்காது.”

நான் அண்ணையைப் பார்த்தேன். கோணல் ஏழைச் சகிக்காமல் கார் முழுவதையும் பறிகொடுக்கப் பார்த்த மனிதர். அடிமட்டம் பிடிக்கட்டே என்று கெஞ்சியவர். அவர் காரின் அந்தப் பக்கத்துக்கு வந்து, சில்லுக்கும் தினேஷுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

“வேண்டாம் தம்பி. அது அந்த மனிசன் அடிச்சது. அப்பிடியே கிடக்கட்டும்.”

பின் ஆசனத்திலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஞானம் தம்பி, முன்னுக்கு ஏறும். அம்மாளிட்ட மஹ்ரூப் சேரின்ர பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்யிறனான். பூசைக்கு முதல் போக வேணும்.”

நான் ஏறிக்கொண்டேன்.